பிலோமினா டீச்சரும் மூன்று நிற அட்டைகளும்

பிலோமினா டீச்சரின் சாவு வீட்டில் அழுத பெற்றோரில் பாதிப் பேர், அவர் உயிரோடு இருந்தபோது தங்கள் பிள்ளைகளை அவருடைய வகுப்பிலிருந்து நிறுத்தியவர்கள். வகுப்பின் வருகைப் பதிவு என்னிடம் இருக்கிறது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துப் பார்த்தேன். மாலை போட்டவர்களின் பிள்ளைகள் பெயர்கள் பாதியில் நின்றிருந்தன. டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டவரின் மகன் பெயரும் அப்படித்தான் நின்றிருந்தது.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை காலையில். ரவாங் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றிருந்தேன். டீச்சரின் கணவர் அந்தோணி அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவர் செம்பனைக் காய் ஏற்றும் லோரி ஓட்டுபவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய மனிதர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"தம்பி, பிலோ போயிட்டா. காலைல எழுப்பப் போனேன், எழும்பல. நீ வேலைக்குப் போயிட்டு வா. அவசரமில்ல."

ரயில் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. பிறகு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: "சார், வெள்ளிக்கிழமை கிளாஸ் இருக்கா?"

டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது.

இதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் அடக்கத்தன்று மைக்கைப் பிடித்துப் பேசியவர் "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று சொன்னதால் சிலவற்றை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். அதில் கடைசி ஆறு வருடம், புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பழக்கிக் கொடுத்தார். சிறுநீரகம் பழுதானதும் வேலை போனது. அதற்குப் பிறகுதான், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே, தோட்டத்தை மூடியபின் லயத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த நம் தாமானில், பாலாய் ராயா பொதுக் கூடத்தில் வகுப்பு தொடங்கினார். கணிதமும் அறிவியலும் அவருடையவை. பின்னால் நான் சேர்ந்தேன். மலாயும் வரலாறும் எனக்கு. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அவருக்குக் கோலசிலாங்கூரில் ரத்தச் சுத்திகரிப்பு. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை.

"எனக்கு லீவே கெடையாது தம்பி, மந்திரி மாதிரி" என்பார்.

நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். நான் ஒரு வரியைச் சொல்வேன், பிள்ளைகள் ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். சத்தம் கூரையைத் தொடும். பாடம் நடக்கிற மாதிரியே இருக்கும். வகுப்பு முடிந்ததும் டீச்சர் வந்தார்.

"கச்சேரி நல்லா இருந்துச்சு தம்பி."

"எல்லாப் பிள்ளைங்களும் சொல்றாங்க லா அக்கா."

"எல்லாம் சொல்லல. பின்னால நாலு பேரு வாய மட்டும் அசைக்குதுங்க. அந்த ரெட்டைச் சடை பிள்ள இருக்குல்ல, மத்தவங்க வார்த்தைய ஆரம்பிச்ச பிறகு மிச்சத்தப் புடிச்சிக்கிது. அவ கொரலு அரை நொடி பிந்தி வருது. உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவில்லை. அந்த ரெட்டைச் சடைப் பிள்ளைதான் யோகேஸ்வரி. அடுத்த வகுப்பில் அவளைத் தனியாக நிற்க வைத்து மலாய்ப் பாடநூலைக் கொடுத்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. ஐந்து மாதமாக என் எல்லாக் கேள்விக்கும் முந்தி வாய் திறந்தவள் என்று நான் நினைத்திருந்த பிள்ளை அவள். அன்றிலிருந்து டீச்சர் அவளை வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் வரச் சொன்னார். வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, அவள் மட்டும் உரக்க வாசிக்க வேண்டும். கூடச் சேர்ந்து வாசிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு நான் ஷா ஆலத்தில் ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். தங்கும் விடுதியில் நல்ல சாப்பாடு, நல்ல குளிர். பிள்ளைகள் மூன்று வகை என்றார்கள். பார்த்துப் படிப்பவர்களுக்கு நீலம், கேட்டுப் படிப்பவர்களுக்கு மஞ்சள், செய்து படிப்பவர்களுக்குச் சிவப்பு. இருபது கேள்விகள் கேட்டால் பிள்ளையின் நிறம் தெரிந்துவிடும். நிறம் தெரிந்தால் அதற்கேற்ற பாடமுறையைக் கொடுத்துவிடலாம். நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு கட்டு அட்டைகளோடு திரும்பி வந்தேன்.

கேள்விகளில் ஒன்று: புதுக் கைபேசி வாங்கினால் முதலில் என்ன செய்வாய்? கூட வரும் கையேட்டை வாசிப்பேன், யாரிடமாவது கேட்பேன், நானே அமுக்கிப் பார்ப்பேன். நம் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடக் கையேட்டோடு கைபேசி வந்ததில்லை. அண்ணனோ மாமாவோ பாவித்து முடித்ததுதான் வரும். எல்லாரும் அமுக்கிப் பார்ப்பேன் என்றார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சிவப்பு. யோகேஸ்வரிக்கும் சிவப்பு. அந்தக் கேள்வி யாருடைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். நானும் அதே தாமானில் வளர்ந்தவன்.

டீச்சரும் பென்சிலை வாங்கி எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டார். கூட்டிப் பார்த்தார்.

"எனக்கு மூணும் சமமா வருது தம்பி. அப்ப நான் மூணு ஆளா? வீட்ல மூணு தட்டு வைக்கச் சொல்லணும்."

பெற்றோர் கூட்டத்தில் அட்டைகளைக் கொடுத்தேன். அப்படி ஒரு மகிழ்ச்சியை அந்தக் கூடத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "என் மவன் சிவப்பு. புக்கு படிக்கச் சொல்லி அடிக்காதீங்க" என்றார் ஒரு தாய். ஒரு அப்பா எழுந்து, "எங்க வீட்ல எல்லாருமே சிவப்பு சார். அதான் தாத்தா காலத்துலேர்ந்து யாரும் படிக்கல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று இப்போது புரிகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைப் போடும் கடைசி வகுப்புக்கு மாதக்கணக்கில் அறிவியல் ஆசிரியர் வராததை இனிப் பள்ளியில் போய்க் கேட்க வேண்டாம். வீட்டில் மேசை இல்லாததைப் பற்றி யோசிக்க வேண்டாம். பிள்ளை சிவப்பு, அவ்வளவுதான். அட்டை எல்லாரையும் மன்னித்துவிட்டது. அதைக் கொண்டு வந்து விநியோகித்தவன் நான்.

அன்று கூடத்தைப் பூட்டும்போது டீச்சர் சொன்னார்: "ஃபேக்டரில சாலிடர் வைக்கறத வாயால சொல்லிக் குடுத்தா வராது. செஞ்சாத்தான் வரும். அதுக்காக, கரண்டு கம்பியத் தொடாதன்ற விதிய செஞ்சு பாத்தா கத்துக்குவாங்க? வேல எப்படியோ, பழக்கறதும் அப்படி. பாடத்துக்குத்தான் தம்பி வழி மாறும். பிள்ளைக்கு நிறம் கெடையாது."

"அக்கா, நீங்க ட்ரெயினிங் எடுக்கல. அதான் இப்படிச் சொல்றீங்க" என்றேன்.

"ஆமா, எடுக்கல" என்றார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார். இதற்காக நான் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

என்னோடு வாதாடிக்கொண்டிருக்காமல் அவர் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு, படிவம் மூன்றுக்கு ரத்த ஓட்டம் நடத்திய நாள் அது. ரத்தச் சுத்திகரிப்புக்காக அவருடைய இடது கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு திரித்த மாதிரி புடைத்திருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக வந்து தொடச் சொன்னார்.

"டீச்சர், மோட்டர் ஓடுது உள்ள!"

"பூனை மாதிரி உறுமுது டீச்சர்!"

யோகேஸ்வரி மட்டும் விரலை எடுக்காமல் நின்றாள். "இந்த ரத்தம் நல்லா இருக்கான்னு யாரு பாக்கறா டீச்சர்?"

"லேப்ல இருக்கறவங்க."

"அவங்க என்ன படிச்சாங்க?"

"கெமிஸ்ட்ரி, பயாலஜி. ஒக்காரு, அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

அடுத்த வகுப்பில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, ரத்தம் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று எழுதச் சொன்னார். டீச்சரின் கை உறுமியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. தமனி எது, சிரை எது என்று அனேகமாக யாருக்கும் தெரியவில்லை. என் சிவப்பு அட்டைப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டுப் பார்த்தவர்கள்தான். டீச்சர் அந்தத் தாள்களை என் முன்னால் வைத்தார்.

"தொட்டது மனசுல நின்னுச்சு. பாடம் நிக்கல. இப்பத்தான் வேலயே ஆரம்பிக்குது."

அவருடைய வேலை எப்போதும் ஒன்றுதான். பார், புத்தகத்தை மூடு, வெறும் தாளில் எழுது, திற, தப்பை வேறு மையில் திருத்து. இரண்டு நாள் கழித்து மறுபடி. ஒரு வாரம் கழித்து மறுபடி. படம் வேண்டிய பாடத்துக்கு எல்லாரும் வரைய வேண்டும். விளக்கம் வேண்டிய பாடத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு யாருக்கும் விலக்குக் கிடையாது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவே இல்லை.

"டீச்சர், புக்கப் பாத்துப் படிச்சா நல்லாப் புரியுது டீச்சர்."

"டிவில சமையல் பாத்தா எனக்குந்தான் நல்லாப் புரியும். அடுப்படிக்கு வா."

அவர் பொறுமைசாலி என்றும் அடக்கத்தன்று ஒருவர் பேசினார். அதுவும் பொய். பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்த்து எழுதிய பையனைப் பெயர் சொல்லி எல்லார் முன்னாலும் நிறுத்தியிருக்கிறார். அவன் திரும்பி வரவில்லை. அதை நினைத்து அவர் வருந்தியதும் எனக்குத் தெரியும். உடம்பில் தண்ணீர் ஏறி, கால் வீங்கி, உட்கார்ந்தபடியே பாடம் நடத்தும் ஒருவரிடம் எவ்வளவு பொறுமையை எதிர்பார்ப்பது?

அந்த ஆண்டே டவுனில் ஒரு டியூஷன் நிலையம் திறந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பாணி என்று பதாகை. மூன்று அறை, மூன்று நிறம். நம் பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். "அங்க கஷ்டப்படாம படிக்கலாமாம் டீச்சர்" என்று நேரில் வந்து சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் சொல்லாமலே நின்றார்கள். மிஞ்சியவர்களில் யோகேஸ்வரி ஒருத்தி. அடிக்கோல் இல்லாமலே மலாய் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். படிவம் மூன்றின் கடைசித் தேர்வில் அவள் வகுப்பில் அறிவியலுக்கு அவள்தான் முதல்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

படிவம் நான்கில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் நேரத்தில் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு தாள் வந்தது. பிள்ளையின் கற்றல் பாணி என்ன, எந்தப் பாடங்கள் பொருந்தும் என்று கேட்டு ஒரு கட்டம். பெற்றோர்கள் அதை என்னிடம் கொண்டு வந்தார்கள். ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு தாள்கள். ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருந்தேன், களைப்பு. முந்திய ஆண்டில் போட்ட என் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நிரப்பினேன். யோகேஸ்வரியின் அம்மா சரோஜா அக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்படியே வந்து நின்றார். "நீங்களே பாத்து எழுதுங்க தம்பி" என்றார். எழுதினேன்: செய்முறை வழிக் கற்பவர், எழுத்துப் பாடங்களைவிடக் கைத்தொழில் பொருந்தும். கையெழுத்துப் போட்டு, வகுப்பின் முத்திரைச் சாப்பும் குத்தினேன். அவர் கொண்டு வந்திருந்த பழைய சிவப்பு அட்டையையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். பக்கத்து மேசையில் டீச்சர் கணக்குத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புதிய ஆண்டின் முதல் வாரத்தில் யோகேஸ்வரி ஒரு பையில் துணியோடு வகுப்புக்கு வந்தாள். "தையல் கிளாஸ்ல போட்டுட்டாங்க டீச்சர். ரெண்டு மீட்டர் துணி வாங்கச் சொன்னாங்க."

டீச்சர் சரோஜா அக்காவிடம் அந்தத் தாளின் நகலை வாங்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு லீவு போடு தம்பி. ஸ்கூலுக்குப் போவணும்."

அதுவரை என்னை அவர் வா, போ என்று பேசியதில்லை.

மறுநாள் அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு. அது முடிந்து கையில் கட்டோடு பள்ளிக்கு வந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சரோஜா அக்கா, யோகேஸ்வரியோடு நாங்கள் நான்கு பேரும் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். சரோஜா அக்கா மெதுவாகச் சொன்னார்: "தையலும் வேலதானே டீச்சர். பரவால்ல, வுட்ருங்க."

"வேலதான். நான் அதக் கேக்கலயே மா" என்றாள் யோகேஸ்வரி.

படிவம் நான்கு பிரிவுகளைக் கவனிக்கும் பள்ளி அதிகாரி மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "நாங்களாக முடிவு செய்யவில்லை. உங்கள் ஆசிரியரே எழுதித் தந்திருக்கிறார். அட்டைகூட வைத்திருக்கிறார்."

"அது தப்பு" என்றார் டீச்சர். "எழுதினவர் இவர்தான். இங்கேயே இருக்கிறார்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "சொல்லு" என்றார்.

சொன்னேன். நான் எழுதியது பொய், பிள்ளையைப் பார்க்காமல் பழைய பட்டியலைப் பார்த்து எழுதினேன் என்றேன். யோகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். அதிகாரி, கடிதமாக எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. இரண்டாவது முறை டீச்சர் தனியாகப் போனார். மூன்றாவது முறையும் போனார். மூன்று முறையும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார். அறிவியல் வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது என்றார்களாம். அதற்கு அடுத்த புதன்கிழமை அந்தோணி அண்ணனின் குரல் செய்தி வந்தது.

அவருடைய பெயரில் கூடத்துக்குப் பெயர் வைக்கலாம், கோப்பை ஒன்று கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவர் என்னைச் செய்ய வைத்ததைத்தான்: பிள்ளைக்குச் செய்த தப்பை, அந்தப் பிள்ளையின் முன்னாலேயே, அது நடந்த இடத்துக்கே போய் வாயால் சொல்வது. அது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

போன திங்கட்கிழமை மறுபடி விடுப்புப் போட்டேன். சரோஜா அக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, யோகேஸ்வரி மட்டும் என்னோடு பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். டீச்சரின் மூன்று மனுக்களின் நகல்கள், என் கடிதத்தின் நகல், யோகேஸ்வரியின் அறிவியல் தாள் எல்லாவற்றையும் அதே அதிகாரியின் மேசையில் வைத்தேன். பிலோமினா டீச்சர் வரவில்லையா என்று கேட்டார் அதிகாரி. இறந்துவிட்டார் என்றேன். அவர் வருத்தம் தெரிவித்தார். உண்மையான வருத்தம்தான். பிறகு, இந்த ஆண்டு கடினம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அடுத்த ஆண்டு அவள் படிவம் ஐந்து, பள்ளி முடிவுத் தேர்வான எஸ்பிஎம் எழுதுவாள்.

"நான் எழுதிய தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுங்கள்" என்றேன். "அந்த வகுப்பில் இடம் இல்லையென்றால் ஒரு நாற்காலி நானே வாங்கி வருகிறேன். இந்தப் பிள்ளையின் பெயரை இன்றைக்கே அங்கே எழுதுங்கள்."

அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவும் சொன்னேன்.